எம்2 காரை இருங்காட்டுக்கோட்டைக்கு ஓட்டிச் சென்றால் உண்மையில் எவ்வளவு ஆகும்?

பூந்தமல்லிவாசி:
வீட்டில் ஒரு பிஎம்டபிள்யூ எம்2 நிற்கிறது. அலுவலகம் போய் வரும் நெரிசலில் அது நான்காவது கியரைப் பார்ப்பதே அபூர்வம். அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிராக் டே நடக்கிறது. போட்டி இல்லை, பரிசு இல்லை. பணம் கட்டினால் பந்தயத் தடத்தில் நம் காரையே நாம் ஓட்டலாம். கேட்கிற கட்டணம் ஒரு முறை டாங்க் நிரப்புவதைவிடச் சற்றுத்தான் அதிகம். “அவ்வளவுதானே” என்று வீட்டில் சொன்னேன். “அவ்வளவுதானா என்று நாலு பேரைக் கேளுங்கள்” என்றாள் மனைவி. கேட்கிறேன்: ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்தால் மொத்தத்தில் எவ்வளவு ஆகும்? போகலாமா, வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, நுழைவுக் கட்டணம் என்பது கல்யாணச் செலவில் பத்திரிகை அச்சடிக்கும் கூலி. அதை வைத்து மண்டபத்தைக் கணக்கிடாதீர்கள்.

பெட்ரோலிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் இருப்பதிலேயே சிறியது. அந்தத் தடம் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். உங்கள் காருக்குச் சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 15 நிமிட செஷனில் ஏழு சுற்று. நாளைக்கு ஐந்து செஷன் கிடைத்தால் 130 கிலோமீட்டர். முழு அழுத்தத்தில் ஓட்டும்போது லிட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர்தான் கிடைக்கும். 52 லிட்டர் டாங்க் காலி. சென்னையில் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. போகட்டும், ஆறாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது டயர். உங்கள் காரில் முன்னால் 19 அங்குலம், பின்னால் 20 அங்குலம். அளவு வேறு என்பதால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பங்கிடவும் வழியில்லை. சாலைக்காக அலைன்மென்ட் செய்த கார் வளைவில் சாயும்போது முன் டயரின் வெளி ஓரத்தில்தான் முழு எடையும் விழும். நடுப்பகுதி புதிதாக இருக்க, ஓரம் மட்டும் மொட்டையாகிவிடும். ஒரு செட் ஒரு லட்சத்துக்கு மேல். 2025 செப்டம்பரில் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதே என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்தேன். அந்தப் பத்து சதவீதத்தைச் சித்திரை வெயிலில் ஒரே பிற்பகல் தின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே எடை. ஆளோடு சேர்த்து 1,800 கிலோ உள்ள கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்கினால், ஒரே மிதியில் 23 லட்சம் ஜூல் ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகிறது. ஆளோடு 1,000 கிலோ உள்ள ஸ்விஃப்ட், அதே இடத்துக்கு 150இல் வந்து 80க்கு இறங்கினால் ஆறு லட்சம் ஜூல்தான். ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபாடு. பிரேக் பேட், டிஸ்க், டயர் எல்லாம் இந்தக் கணக்கைத்தான் பேசும். தெருவில் கம்பீரமாகத் தெரிகிற கார் தடத்தில் வட்டிக்கடை.

ஒன்பதாம்திருப்பம்:
கணக்குப்பிள்ளை சார் கணக்கு சரி, எதோடு ஒப்பிடுகிறார் என்பதுதான் தவறு. இந்தக் கார் போர்ட்டிகோவில் சும்மா நின்றால் செலவே இல்லையா? காப்பீட்டு மதிப்புக்கான தேய்மான அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு முடிந்ததும் 20 சதவீதம் கழிவு, இரண்டு முடிந்தால் 30, மூன்று முடிந்தால் 40. 2023இல் இங்கே எம்2 அறிமுகமானபோது ஷோரூம் விலையே 98 லட்சம். அதில் 20 சதவீதம் என்ன என்று கணக்குப்பிள்ளை சாரே சொல்லட்டும். துணி போர்த்தி நிறுத்தினாலும் போகிற பணம் அது. அதன் பக்கத்தில் ஒரு செட் டயர் எம்மாத்திரம்?

இன்னொன்று. 200ஐத் தொடக்கூடிய காரை வாங்கியவருக்கு என்றாவது ஒருநாள் தொட்டுப் பார்க்கத் தோன்றும். டிராக்கில் தொடாவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை தொடுவார். அங்கே எதிரே மீன்கூடையோடு ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். தடத்தில் எதிரே யாரும் வருவதில்லை. கொடி காட்ட ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் நிற்கும். இதற்கு விலை போட மாட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:
விலை போடுகிறேன், நீங்களே எடுத்துக் கொடுத்த அட்டவணையை வைத்தே போடுகிறேன். அந்தக் காப்பீட்டு மதிப்பு தடத்துக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது தெரியுமா? தனியார் கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை எல்லாம் அதில் விலக்கு. “இது பந்தயம் இல்லை, டிராக் டே” என்று நீங்கள் வாதாடலாம். இழப்பீட்டு மனுவைப் பரிசீலிப்பவர் ‘வேகச் சோதனை’ என்ற சொல்லில் விரலை வைப்பார். பிரிட்டனில் ஒரு நாளுக்கு மட்டும் தனி டிராக் பாலிசி வாங்கலாம். அதிலும் சேதத்தின் முதல் பகுதி நம் தலையில்தான். இங்கே, தடுப்பில் மோதினால் முழுக் காரும் உங்கள் கைக்காசு. போர்ட்டிகோவில் தேயும் 20 சதவீதம் காகிதத்தில் போகிறது. இது வங்கிக் கணக்கில் போகும். காருக்குக் கடன் பாக்கி இருந்தால், இல்லாத காருக்கு மாதத் தவணையும் கட்டுவீர்கள்.

கடற்கரைச் சாலை விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் ‘சாலையில் தவறு செய்வேன், அதனால் தடத்துக்குப் போகிறேன்’ என்பவரிடம் நான் சாவியையே கேட்பேன்.

ஸ்பேனர்17:
பட்டறை வைத்திருக்கிறேன். டிராக் டே முடிந்து திங்கட்கிழமை வரும் கார்களைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருவரும் டயரையும் பாலிசியையும் பேசுகிறீர்கள், பிரேக் ஆயிலை யாரும் சொல்லவில்லை.

டாட்-4 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கலாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? இரண்டு மூன்று ஆண்டாக மாற்றாத ஆயிலோடு தடத்தில் இறங்கினால், நான்காவது ஐந்தாவது சுற்றில் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதித்த கால் தரைவரை போகும், கார் நிற்காது. இதை மாற்ற ஆகும் செலவு சில ஆயிரம்தான். மொத்தப் பட்டியலில் மிக மலிவான, மிக அவசியமான வேலை இதுதான்.

பேட் விஷயம் வேறு. கம்பெனி பேட் முதல் நாளைத் தாங்கும், ஓட்டத் தெரியாதவர் என்பதால்தான் தாங்கும். ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு சீக்கிரம் தீரும். முன் சக்கரப் பேட் மட்டுமே பல பத்தாயிரம். தடத்துக்கென்று விற்கும் பேட் போட்டால் சூட்டில் பிடிக்கும். ஆனால் காலையில் பால் வாங்கப் போகும்போது கிறீச்சிடும், குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. ஆகவே போட்டுக் கழற்றும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆயிலைக் கம்பெனி சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே மாற்ற வேண்டும்.

செலவைக் குறைக்கும் பழக்கமும் உண்டு. ஒவ்வொரு செஷனிலும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிக் குளிரவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள். டயர் சூடேறினால் காற்றழுத்தமும் ஏறும், அதை அளந்து இறக்குங்கள். பைக் ஹெல்மெட்டோடு வராதீர்கள். காருக்கான எஸ்ஏ தர ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்கும், அது தனி.

சோழவரத்தார்:
இருங்காட்டுக்கோட்டை 1990இல் வந்தது. அதற்கு முன் எல்லாம் சோழவரம்தான், போர்க்கால விமான ஓடுதளம். ஃபியட்டையும் ஹெரால்டையும் பின் இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவார்கள். உடைந்தால் ஞாயிறு இரவே புதுப்பேட்டையில் உதிரிப் பாகம் தேடுவார்கள். இன்று ஒரு முன் விளக்கு உடைந்தால் ஜெர்மனியிலிருந்து கப்பல் வரவேண்டும். கணக்குப்பிள்ளை சொல்வதில் எனக்கு உடன்பாடு, ஆனால் அவர் குரலில் கொஞ்சம் மகிழ்ச்சி தெரிகிறதே, அதில் உடன்பாடில்லை.

சிங்கைச்சாலை:
இங்கிருந்து மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களின் கணக்கையும் பாருங்கள், பூந்தமல்லி நண்பர் கொடுத்துவைத்தவர் என்று தெரியும். சிங்கப்பூரில் நாங்கள் காரோடு போய் ஓட்ட நிரந்தரத் தடம் கிடையாது. எல்லை தாண்டி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். இங்கிருந்து கிளம்பும்போதே டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது சட்டம். மலேசியாவில் எங்கள் காருக்கு ரான் 95 ரகப் பெட்ரோல் போடக்கூடாது, விலை கூடிய 97தான். நுழைவு அனுமதி, சுங்கக் கட்டணம், ஓர் இரவு விடுதி. தடம் 5.543 கிலோமீட்டர், நீண்ட நேர்ப்பாதைகள் இரண்டு. ஒவ்வொன்றின் முடிவிலும் கடும் பிரேக். என் பாலிசியிலும் தடத்துக்கு விலக்குத்தான். கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றுக்கே லட்சம் வெள்ளி (டாலர்) கொடுக்கும் ஊரில், மோதினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே கால் தானாகத் தளர்கிறது. இருந்தும் போகிறேன். திரும்பி வரும் வழியில் டயரும் பேட்டும் பிழைக்க வேண்டும் என்பதால், பத்தில் எட்டுப் பங்கு வேகத்துக்கு மேல் போவதில்லை. செலவு பாதியாகிறது, கற்றுக்கொள்வது குறையவில்லை.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் வேறு வழியில் சொல்கிறேன். ஓட்டக் கற்க வேண்டும் என்றால் எம்2 எதற்கு? கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பயிற்சிப் பள்ளிகள் ஃபார்முலா எல்ஜிபி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைத் தருகின்றன. 1.3 லிட்டர் மாருதி இன்ஜின், இறகுபோல எடை, தேய்வது அவர்கள் டயர். அல்லது பழைய போலோ ஒன்று வாங்குங்கள். அதைச் சுவரில் சாய்த்தாலும் வீட்டில் சோறு கிடைக்கும்.

ஒன்பதாம்திருப்பம்:
பழைய போலோ வாங்கி, நிறுத்த இடம் தேடி, ரோல்கேஜ் (உருண்டால் காக்கும் கம்பிக்கூடு), இருக்கை, பெல்ட் போட்டு, தடத்துக்கு ஏற்றிச் செல்ல வண்டி வாடகை கொடுத்தால் அதுவும் லட்சக் கணக்குத்தான் சார், அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? ஆண்டுக்குப் பத்து முறை போகிறவருக்கு அது சரி. அவர் கேட்பது ஒரு நாள். அவருக்குத் தெரிய வேண்டியது தன் கார் வளைவில் என்ன செய்கிறது என்பது. திடீர் மழையில், பெருங்களத்தூர் மேம்பாலத்தில் பின்சக்கரம் நழுவும்போது ஃபார்முலா வண்டியில் கற்றது எவ்வளவு உதவும்? அது வேறு எடை, வேறு பிரேக், ஏபிஎஸ் கூடக் கிடையாது.

ஸ்பேனர்17:
இந்த இடத்தில் ஒன்பதாம்திருப்பம் பக்கம் நிற்கிறேன். ஆனால் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை முதல் நாளே அணைக்கிறவர் பில்லை நான் தனியாக எழுதுவேன்.

பூந்தமல்லிவாசி:
எல்லோருக்கும் நன்றி. பெட்ரோல் ஆறாயிரம், பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில், கட்டணம், ஹெல்மெட், பேட்டிலும் டயரிலும் ஒரு நாள் தேய்மானம் என்று எழுதிப் பார்த்தால், எதுவும் உடையாமல் வந்தாலே அறுபது எழுபதாயிரம் வருகிறது. மனைவியிடம் காட்டினேன். தொகையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பாலிசி பத்தியை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

கணக்குப்பிள்ளை:
விவரமானவர். கட்டணம் கட்டுமுன் அமைப்பாளர்கள் கையெழுத்து வாங்கும் படிவத்தையும் அவரிடமே கொடுங்கள். தடுப்பு வேலி சேதமானால் யார் பணம் தருவது என்று அதில் எங்காவது இருக்கும்.

பூந்தமல்லிவாசி:
இருக்கிறது, நான்காவது பத்தியில். ஓட்டுபவர்தான். நான் பெயர் கொடுத்துவிட்டேன், மதியத்துக்கு முந்தைய செஷன்களுக்கு மட்டும். ஸ்பேனர் அண்ணா, வியாழக்கிழமை காரைக் கொண்டுவரலாமா?

ஸ்பேனர்17:
புதன்கிழமையே கொண்டுவாருங்கள். பேட்டைப் பார்த்த பிறகுதான் போகலாமா என்று சொல்வேன்.