மறு: இன்க்ளூஷன் – உள்ளடக்கமா, உட்சேர்வா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். வளர்ச்சிசார் குறைபாடு (அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை) உடையவர்களின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு வினாநிரல் ஒன்றைத் தமிழாக்கும் வேலை என் கையில் இருக்கிறது. யாரையும் விலக்காமல் பள்ளியிலும் சமூகத்திலும் சேர்த்துக்கொள்வதைக் குறிக்கும் 'இன்க்ளூஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் அமையாமல் அந்த வேலை நகராது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

> 'உள்ளடக்கிய கல்வி' ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அதை ஒட்டி 'சமூக உள்ளடக்கம்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

'உள்ளடக்கிய கல்வி' இருக்கட்டும். 'அனைவரையும் உள்ளடக்கிய கல்வி' என்று விரித்தால் யாருக்கும் விளங்கும். ஆனால் அதைப் பெயர்ச்சொல்லாக்கி 'சமூக உள்ளடக்கம்' என்றவுடன் பொருள் கைநழுவிப் போகிறது. இன்றைய வாசகர் 'உள்ளடக்கம்' என்றால் நூலின் பொருளடக்கத்தையோ இணையத்தில் இடும் காணொளிகளையோதான் நினைப்பார். அதைவிட என்னை உறுத்துவது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'அடக்கு'. அறிவுசார் குறைபாடு உடையவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெரிய இல்லங்களில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த இல்லங்களை மூடி, மக்கள் நடுவில் வாழ வழிசெய்யப் போராடித்தான் இந்தக் கருத்தே உருவானது. அவர்களை 'உள்ளடக்கப்பட்டோர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> 'அரவணைப்பு' அழகான தமிழ். குடும்பத்துக்கும் பொருந்தும்.

அழகான சொல்தான், மறுக்கவில்லை ஐயா. ஆனால் அரவணைப்பவர் ஒருவர், அரவணைக்கப்படுபவர் இன்னொருவர் என்ற ஏற்றத்தாழ்வு அதில் ஊறியிருக்கிறது. இத்துறையின் முன்னோடி அறிஞர் உல்ஃப் உல்ஃபென்ஸ்பெர்கர் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு பட்டியலைத் தந்தார்: இம்மக்களைச் சமூகம் அச்சுறுத்தலாக, நோயாளியாக, இரக்கத்துக்கு உரியவராக, என்றும் வளராத குழந்தையாகப் பார்க்கிறது என்றார். நாற்பது வயது மனிதரை அரவணைக்க வேண்டும் என்று சொல்லும்போது அந்தக் கடைசி இரண்டு பார்வைகளுக்கும் நாமே இடம் கொடுக்கிறோம். அவருக்கு வேண்டியது நண்பர்கள், வேலை, தானே திறந்து மூடும் ஒரு கதவு. ஆய்வுச் சொல் அதற்கு இடம்விட வேண்டும்.

> 'பங்கேற்பு' போதாதா? எளிமையாகவும் இருக்கிறது.

போதாது. 'பங்கேற்பு'க்குத் தனி வேலை இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட, உடல்நலத்தையும் குறைபாட்டையும் விவரிக்கும் செயற்பாட்டு வகைப்பாட்டில் அது ஒரு வரையறுக்கப்பட்ட கலைச்சொல். வாழ்க்கைச் சூழல் ஒன்றில் ஈடுபடுதல் என்பது அதன் பொருள். சிம்ப்ளிகன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2015-இல் வெளியிட்ட கட்டுரை, சமூக இன்க்ளூஷன் என்பதை ஒன்றோடொன்று பின்னிய இரு களங்களாகப் பிரிக்கிறது: ஒன்று மனிதர்களுக்கு இடையிலான உறவுகள், மற்றது சமூகப் பங்கேற்பு. பங்கேற்பு பாதிதான் என்பது இதிலிருந்தே தெரியும். இத்துறையில் எழுதிய ஜான் ஓ'பிரையன் 1980-களிலேயே இன்னும் நுணுக்கமாக, சமூகத்தின் நடுவில் இருப்பது வேறு, சமூகத்தில் பங்கேற்பது வேறு என்று பிரித்துக் காட்டினார். பராமரிப்பாளர் பின்தொடர ஒரு குழுவாகக் கடைத்தெருவைச் சுற்றி வருபவர்கள் சமூகத்தின் நடுவில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

இனி என் பரிந்துரை. தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒலியிலேயே வேறுபாடு உண்டு: அடங்கு – அடக்கு, ஒதுங்கு – ஒதுக்கு, திருந்து – திருத்து. 'சேர்' என்ற வினையும் சேர்கிறேன், சேர்க்கிறேன் என்று இரண்டாகப் பிரியும். எனவே பள்ளியோ அலுவலகமோ அரசோ செய்யும் செயலுக்கு 'உட்சேர்ப்பு' என்றும், ஒருவரும் அவர் குடும்பமும் அடையும் நிலைக்கு 'உட்சேர்வு' என்றும் சொல்லலாம். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் பாதி வாதம் அந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது: கொள்கையை அளந்துவிட்டு வாழ்க்கையை அளந்ததாக எழுதிவிடுகிறார்கள். இந்த ஒரு இடத்தில் நம் மொழி கூடுதல் துல்லியம் தருகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவானேன்?

> 'சேர்க்கை' என்ற பழகிய சொல் இருக்கும்போது 'சேர்வு' எதற்கு?

நல்ல கேள்வி. 'மாணவர் சேர்க்கை' என்று நாம் அன்றாடம் எழுதுவது பதிவேட்டில் பெயர் ஏறுவதைத்தான். ஒரு குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டதாலேயே அது வகுப்பில் சேர்ந்துவிடுவதில்லை என்று வாதிடும் ஆய்வுத்துறைக்கு அந்தச் சொல்லையே கொடுத்தால் வாதமே கலைந்துவிடும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறி 2008-இல் நடைமுறைக்கு வந்தது. கல்வி பற்றிய அதன் 24-ஆம் பிரிவை விளக்கி, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2016-இல் நான்காம் பொதுக்கருத்துரையை வெளியிட்டது. அதில் நான்கு நிலைகள் பிரிக்கப்படுகின்றன: கல்வியே மறுக்கப்படுவது, தனி இடத்தில் பிரித்து வைப்பது, இருக்கும் பள்ளிக்குள் குழந்தை தன்னைப் பொருத்திக்கொள்ளும் வரை இடம் தருவது, குழந்தைக்கு ஏற்பப் பள்ளியே மாறுவது. கட்டமைப்பு மாறாமல் பொது வகுப்பில் உட்காரவைப்பது நான்காம் நிலை ஆகாது என்றும் அந்த ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. இவற்றை முறையே விலக்கல், பிரித்துவைத்தல், ஒருங்கிணைத்தல், உட்சேர்த்தல் என்று வைத்துக்கொண்டால் நான்கும் தனித்தனியே நிற்கும். தமிழில் மூன்றாவதும் நான்காவதும் இன்று ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து விழுகின்றன.

குடும்பத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. எனக்கு இதுதான் முதன்மையானது.

வளர்ச்சிசார் குறைபாடு உடைய பெரியவர்களில் மிகப் பலர் பெற்றோருடனோ உடன்பிறந்தாருடனோ வாழ்கிறார்கள். ஆய்வாளர்கள் மார்ஷா செல்ட்சரும் மார்ட்டி கிராஸும் 1988-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், விஸ்கான்சின் மாநிலங்களில் ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார்கள். அறிவுசார் குறைபாடு உடைய மகனையோ மகளையோ வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த, 55 வயதைத் தொட்ட அல்லது கடந்த தாய்மார்களின் 461 குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வீட்டில் வாழும் அந்தப் பெரியவர்களின் உறவு வட்டத்தில் பெரும்பாலும் குடும்பத்தினரே இருந்தார்கள் என்பது அந்த ஆய்வில் தெரிந்தவற்றுள் ஒன்று. தாய்க்கு வயதாகி அவர் வெளியே போவது குறைந்தால் அந்த வட்டம் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். குடும்பம்தான் அவரைச் சமூகத்தோடு சேர்க்கிறது. சில வேளைகளில் அச்சத்தால் அவரைத் தடுத்து வைப்பதும் அதே குடும்பம்தான்.

அத்தோடு குடும்பமே வெளியில் நிறுத்தப்படுகிறது. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். இழுக்குச் சுமத்தப்பட்டவரோடு உறவாக இருப்பதாலேயே ஒட்டிக்கொள்ளும் இழுக்கு என்பது அதன் பொருள். 'உறவுவழி இழுக்கு' என்று நான் வைத்திருக்கிறேன். மேம்பட்ட சொல் இருந்தால் தாருங்கள். திருமண அழைப்பு வராத குடும்பம், வந்தாலும் "குழந்தையை விட்டுவிட்டு வாருங்கள்" என்ற சொல்லோடு அழைப்பு வரும் குடும்பம், இவற்றைப் பற்றி அக்கம்பக்கத்தார் "அவர்கள் ஒதுங்கியே இருப்பார்கள்" என்பார்கள். உண்மையில் அவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள். ஒதுங்கல் – ஒதுக்கல் என்ற இணையும் உட்சேர்வு – உட்சேர்ப்பு என்ற இணையும் ஒரே இலக்கண அச்சில் நிற்பதால், யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது என்பதை ஆய்வறிக்கையில் மறைக்க முடியாது. 'சேர்வு' செவிக்குப் புதிதாக இருக்கிறது என்று முகம் சுளித்தவர்களுக்கு இதுவே என் பதில்.

இன்னொன்று. வினாநிரலின் முதல் வரைவில் ஒரு கேள்வி இப்படி இருந்தது: "உங்கள் மகன் சமூகத்தில் போதுமான அளவு உள்ளடக்கப்பட்டிருப்பதாகக் கருதுகிறீர்களா?" இதற்கு எந்தத் தாயால் பதில் சொல்ல முடியும்? அதே தாய், கேட்காமலே சொல்லும் சொற்றொடர் ஒன்று இருக்கிறது: "என் பிள்ளையை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை." விளையாட்டிலிருந்து பந்தி வரைக்கும் தமிழர் வாயில் புழங்கும் வினை அதுதான். கலைச்சொல் அந்த வேரிலிருந்து கிளைத்தால், கேள்வியை "அக்கம்பக்கத்தார் உங்கள் மகனைச் சேர்த்துக்கொள்கிறார்களா? அவருக்கு அவர்களோடு சேர விருப்பம் உண்டா?" என்று கேட்டு, விடையை 'உட்சேர்வு' என்ற தலைப்பில் பதியலாம். கேட்பவரும் சொல்பவரும் ஒரே மொழியில் இருப்பார்கள்.

இரண்டாவது கேள்வியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். உட்சேர்வில் சேர்பவரின் விருப்பம் இருக்கிறது, உட்சேர்ப்பில் அது இல்லாமலும் போகலாம். கூட்டம் பிடிக்காத ஆட்டிச இளைஞர் ஒருவரை விழாவுக்கு இழுத்துச் செல்வது உட்சேர்ப்பாக இருக்கலாம். அவர் விரும்பும் ஒரே நண்பரோடு அமைதியாக அமர்ந்திருப்பது உட்சேர்வு. குறைபாடு உடையவர்களுக்கே இந்தச் சொல் விளங்க வேண்டும் என்பதும் ஒரு அளவுகோல். ஐ.நா. உடன்படிக்கை தன் 4-ஆம் பிரிவில், அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களோடு கலந்தாலோசிக்கச் சொல்கிறது. எளிய வாசிப்புப் பிரதியில் "நான் உங்களோடு சேர்ந்திருக்கிறேன்" என்று எழுத முடிகிற வேர் நமக்குக் கிடைத்திருக்கிறது.

உடன் வரும் சில சொற்களைச் சுருக்கமாக. 'வளர்ச்சிக் குறைபாடு' உடல் வளர்ச்சி குன்றியதையும் குறிப்பதாகப் படிக்கப்படுவதால் 'வளர்ச்சிசார் குறைபாடு' என்றே எழுதுகிறேன். 'மனவளர்ச்சி குன்றியோர்' இனி வேண்டாம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பீச் மையம் உருவாக்கிய 25 கூற்றுகள் கொண்ட அளவுகோல், குடும்பம் நன்றாக இருக்கிறதா என்பதை ஐந்து களங்களில் பார்க்கிறது: குடும்பத்தினரிடையே ஊடாட்டம், பிள்ளை வளர்ப்பு, உணர்வு நலம், உடல் மற்றும் பொருள் நலம், குறைபாடு சார்ந்த ஆதரவு. இதற்குக் 'குடும்ப வாழ்க்கைத்தரம்' என்றால் வருமானக் கணக்கு என்று எடுத்துக்கொள்வார்கள், ஆகவே 'குடும்ப வாழ்நலம்'. பழைய கட்டுரைகளில் நிறைந்து கிடக்கும் 'சுமை'யை, மூல ஆசிரியர் உண்மையில் அப்படிச் சொல்லும் இடத்தில் மட்டும் மொழிபெயர்க்கிறேன். 'பராமரிப்பு' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'சுமை' என்று போடும் வழக்கத்தை இங்கிருப்பவர்கள் கைவிட வேண்டுகிறேன்.

இன்னும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது: பிலாங்கிங். சேர்ந்த பிறகு "இது என் இடம், நான் இல்லாவிட்டால் இவர்கள் தேடுவார்கள்" என்று ஒருவர் உணர்வது. 'உரியராதல்' என்று எழுதிப் பார்த்தேன். சட்ட ஆவணம் போல் இருக்கிறது. 'ஒட்டுறவு' நெருங்கி வருகிறது, ஆனால் அது இருவருக்கு இடையில் நிற்கிறது, ஓர் இடத்துக்கோ குழுவுக்கோ நீளவில்லை. வீட்டில் இத்தகைய பிள்ளையோ உடன்பிறந்தாரோ இருப்பவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். நீங்கள் அதை எந்தச் சொல்லால் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பகுதியை வரைவில் வெற்றிடமாக விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்