மோவாப் பாலைவனத்துக்கு மேலே லா சால் மலை: தனியாக ஒரு நாள் பனிச்சறுக்கு, ஆலோசனை தேவை

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி நடுவில் அலுவலக வேலையாக சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டிக்குச் செல்கிறேன். கூட்டங்கள் முடிந்ததும் நான்கு நாள் விடுப்பு எடுத்து, யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில் இருக்கும் மோவாப் ஊருக்குக் காரோட்டிப் போக எண்ணியுள்ளேன். சென்ற ஆண்டு மார்ச்சில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் டெலிகேட் ஆர்ச் எதிரே நின்றபோது, செம்பாறைகளுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று லா சால் மலைத்தொடர் தெரிந்தது. அதில் கூம்பு போல நிற்கும் டுக்குனிக்கிவாட்ஸ் சிகரம், 3,805 மீட்டர், அன்றிலிருந்து என்னை விடவில்லை.

ஜப்பானின் ஹொக்கைடோவில் ஆறு பருவங்கள் சறுக்கியிருக்கிறேன். அதில் இரண்டு பருவங்கள் வழிகாட்டியுடன் பேக்கன்ட்ரி, அதாவது சறுக்குத் தளங்களுக்கு வெளியே உள்ள மலைகளுக்குச் சென்று, ஸ்கீயின் அடியில் வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் பட்டைகளை ஒட்டிக்கொண்டு ஏறவும் பழகினேன். இரண்டு நாள் பனிச்சரிவுப் பாடமும் முடித்துள்ளேன். உடன் வரவிருந்த நண்பருக்குக் குழந்தை பிறக்கப்போவதால் இம்முறை நான் தனி ஆள். கைசர் பாஸ் கார் நிறுத்துமிடத்திலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, கோல்ட் பேசின் பள்ளத்தாக்கு வழியாகச் சிகரத்தின் வடமுகத்தில் ஏறி, அதே முகத்தில் சறுக்கி இறங்குவது என் திட்டம்.

உடற்பயிற்சிக்காக எங்கள் புளோக்கின் படிக்கட்டில் முதுகில் பத்துக் கிலோவுடன் வாரம் மூன்று முறை ஏறுகிறேன். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் பாட்டிமார்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். அது போதுமா? பனிச்சரிவில் புதையுண்டவரைக் கண்டுபிடிக்கச் சமிக்ஞை அனுப்பும் பீக்கன் கருவியால் தனியாகச் செல்பவருக்குப் பயன் உண்டா? வேறு என்ன கொண்டுசெல்ல வேண்டும்?

பொங்கோல் மலையன்:

வணக்கம் தம்பி. நான் அந்த மலைக்கு மூன்று முறை சென்றிருக்கிறேன், அதில் ஒரு முறை தனியாக. நீங்கள் கருவிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் பனியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் ஹொக்கைடோவில் கற்றது அங்கே உங்களைத் தவறாக வழிநடத்தக்கூடும்.

ஹொக்கைடோவில் கடல் ஈரத்தோடு பனி ஓயாமல் கொட்டி, ஆழமாகவும் ஓரளவு ஒரே சீராகவும் படிகிறது. லா சால் அப்படியல்ல. பாலைவனத்தின் நடுவே தனித்து நிற்கும் அந்த மலையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொஞ்சம் பனி விழும். பிறகு வாரக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கும். தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்க, மேற்பரப்போ தெளிந்த இரவுகளில் கடுமையாகக் குளிர்ந்துபோகும். அந்த வெப்ப வேறுபாட்டால் கீழிருந்து நீராவி மேலேறிப் பனித்துகள்களைக் கோணல்மாணலான படிகங்களாக மாற்றிவிடுகிறது. அள்ளிப் பார்த்தால் சீனி போல விரலிடுக்கில் ஒழுகும். நெய் போதாத ரவா லட்டைப் போல எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்காது. அதற்கு மேல் டிசம்பர், ஜனவரி புயல்கள் கனத்த பலகை போன்ற பனியை ஏற்றிவைக்கும். தென்மேற்குக் காற்று அங்கே பலமாக அடிப்பதால், முகட்டின் ஒரு பக்கத்துப் பனி சுரண்டப்பட்டு வடக்கு, கிழக்கு முகங்களில் போய்க் குவியும். வெயில் படாத வடமுகத்தில் அந்தச் சீனி அடுக்கு மாதக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது அந்த வடமுகத்தைத்தான், அதுவும் பிப்ரவரியில்.

கோல்ட் பேசின் பெயருக்கு ஏற்ற அழகான இடம். ஆனால் 1992ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கேதான் ஒரே பனிச்சரிவில் நான்கு பேர் மாண்டார்கள். செங்குத்தான முகங்கள் சூழ்ந்த அந்தக் கிண்ணத்தில், நீங்கள் சமதளத்தில் நடந்தாலும் மேலிருந்து வருவது உங்களிடம் வந்துதான் நிற்கும்.

என் தனிப் பயணத்தில் நடந்ததையும் சொல்கிறேன். மரங்களுக்கிடையே இருந்த ஒரு சிறு வெளியில், சாய்வு 25 பாகைக்கு மேல் இராது, ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று காலுக்கடியில் 'ஹூம்ப்' என்று ஒரு கனத்த ஓசை. நெல் மூட்டையை மாடியிலிருந்து போட்டது போல. நான் நின்ற பனித்தரை முழுவதும் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. என் ஸ்கீ முனையிலிருந்து ஒரு விரிசல் மின்னல் போலப் பத்து மீட்டர் தூரம் ஓடி ஒரு பைன் மரத்தடியில் நின்றது. சாய்வு போதாததால் பனி நழுவவில்லை, அவ்வளவுதான். இன்னும் பத்துப் பாகை கூடுதலாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். வந்த தடத்திலேயே திரும்பி இறங்கிக் காரில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஃபிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடிக்கக்கூடத் தோன்றவில்லை.

பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில்தான் புறப்படுகின்றன. எனவே தனியாகப் போவதென்றால் 30 பாகைக்குக் குறைவான, தலைக்கு மேலேயும் செங்குத்து எதுவும் இல்லாத இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைசர் பாஸ் பாதையை ஒட்டிய மரக்காடுகளில் அப்படிப்பட்ட இடங்கள் தாராளமாக உண்டு. சிகரத்தை ஏப்ரல் இறுதிக்கோ மே மாதத்துக்கோ ஒதுக்கிவையுங்கள். அப்போது பகலில் உருகி இரவில் உறையும் பனி இறுகிவிட்டிருக்கும், விடியலில் ஏறி வெயில் முற்றுமுன் இறங்கிவிடலாம். பாலைவனச் செந்தூள் படிந்து பனி பழுப்பாக இருக்கும், வேகமாகவும் உருகும். படத்துக்கு அழகில்லை, ஆனால் காலுக்கு நம்பகமானது.

பீக்கன் பற்றி: புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் பீக்கன் அனுப்பும் வானலைச் சமிக்ஞையைத் தம் பீக்கனில் பிடிக்க அருகில் ஆள் இல்லையென்றால், அது உடலைக் கண்டெடுக்கத்தான் உதவும். இருந்தாலும் அணிந்துகொள்ளுங்கள், அதே மலையில் வேறு குழுக்கள் இருக்கக்கூடும், அவர்கள் உங்களைத் தேடலாம், நீங்களும் அவர்களைத் தேட நேரலாம்.

பழைய சார்ஜன்ட்:

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன், ஆனால் நான் இவ்வளவு இளகியவன் அல்லன். தேசிய சேவையில், ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவின் காட்டுக்குள்கூட நம்மைத் துணையாள் இல்லாமல் அனுப்பியதில்லை. அங்கே அதிகபட்ச ஆபத்து கொசுவும் காட்டுப்பன்றியும். முன்பின் தெரியாத நாட்டில், தெரியாத பனியில், தனியாக எதற்கு? நான்கு நாளில் ஒரு நாளுக்கு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். விமானச் சீட்டுக்கும் கார் வாடகைக்கும் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு பெரிதல்ல.

தெம்பனீஸ் தாதி:

தம்பி, பனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் கணவர் சறுக்குவார், நான் கீழே சூடான சாக்லேட்டுடன் காத்திருப்பவள். உயரத்தையும், ஏதாவது நேர்ந்தால் யாருக்கு எப்படித் தெரியும் என்பதையும் பற்றிச் சொல்கிறேன்.

நம்முடைய மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். நீங்கள் காரை நிறுத்தும் இடமே ஏறத்தாழ 2,900 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வாயு கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு. படிக்கட்டுப் பயிற்சி தொடைக்கு நல்லது, ஆனால் உயரத்துக்கு உடலைப் பழக்காது. மோவாப் ஏறத்தாழ 1,200 மீட்டரில் இருப்பதால், காலையில் அங்கிருந்து காரில் ஏறி ஒரே மூச்சில் 1,700 மீட்டர் உயர்ந்துவிடுவீர்கள். முதல் நாள் மேலே சென்று சற்று நடந்துவிட்டு இறங்கி, மறுநாள் சறுக்குவது நல்லது. தலைவலி, குமட்டல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் இறங்கிவிடுங்கள். தனியாக இருக்கும்போது 'உனக்கு முகமே சரியில்லையே' என்று சொல்ல ஆள் இருக்காது.

அடுத்தது, பெரும்பாலானோர் யோசிக்காத ஒன்று. பிப்ரவரியில் யூட்டா நம்மைவிட 15 மணி நேரம் பின்தங்கியிருக்கும். மாலை 5 மணிக்குள் காருக்குத் திரும்பிச் செய்தி அனுப்புவதாக நீங்கள் வீட்டில் சொன்னால், இங்கே அது மறுநாள் காலை 8 மணி. உங்கள் மனைவியோ அக்காவோ அப்போது ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். செய்தி வராவிட்டால் எத்தனை மணிக்கு, யாரை அழைக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுச் செல்லுங்கள். சிங்கப்பூரிலிருந்து 911 என்று அழுத்தினால் அமெரிக்காவின் அவசர மையத்துக்குப் போகாது. அந்தப் பகுதி ஷெரிஃப் அலுவலகத்தின் முழுத் தொலைபேசி எண்ணை, நாட்டுக் குறியீட்டோடு, அந்தத் தாளில் எழுத வேண்டும். கார் எண், நிறுத்திய இடம், உடையின் நிறம் ஆகியவற்றையும் சேருங்கள். கைத்தொலைபேசி அலைவரிசையை நம்பாமல், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள்.

பயணக் காப்பீட்டின் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். பல காப்பீடுகள் சறுக்குத் தளத்தின் எல்லைக்குள் சறுக்கினால் மட்டுமே பணம் கொடுக்கும். என் கணவர் கால் முறிந்து திரும்பியபோது, எல்லைக் கயிற்றுக்கு எந்தப் பக்கம் விழுந்தார் என்று நிறுவனம் மூன்று மாதம் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது.

ஈசூன்வாசி:

மூவருக்கும் நன்றி. உண்மையைச் சொன்னால் முதல் பதிலைப் படித்ததும் கோபம்தான் வந்தது; இரண்டாவது முறை படித்தபோது அந்த ரவா லட்டு வயிற்றில் கனத்தது. யூட்டா பனிச்சரிவு மையம் மோவாப் பகுதிக்கென வெளியிடும் முன்னறிவிப்பை இப்போது தினமும் படிக்கிறேன். எட்டுத் திசைகளையும் மூன்று உயர நிலைகளையும் காட்டும் அவர்களுடைய வட்டப் படத்தில் வடக்குப் பக்கம் மட்டும் வேறு நிறத்தில் இருப்பதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது.

திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் நாள் கைசர் பாஸ் பாதையில் வெறும் நடை. இரண்டாம் நாள் 30 பாகைக்குக் குறைவான மரக்காட்டில் தனியாகச் சறுக்கு. சார்ஜன்ட் அண்ணனின் யோசனைப்படி மூன்றாம் நாளுக்கு வழிகாட்டி கிடைப்பாரா என்று விசாரித்திருக்கிறேன். தாள் குளிர்பதனப் பெட்டியில் ஏறிவிட்டது. மனைவி அதன் பக்கத்திலேயே என் ஆயுள் காப்பீட்டு எண்ணையும் ஒட்டியிருக்கிறார்.

ஒரே ஒரு கேள்வி. வரைபடத்தில் 28 பாகை என்று காட்டும் இடம் நேரில் 33 ஆக இருந்தால் எப்படிக் கண்டுகொள்வது?

பொங்கோல் மலையன்:

நல்ல கேள்வி. வரைபடம் சிறு மேடுகளையும் மடிப்புகளையும் சராசரியாக்கி மறைத்துவிடும். எனவே வரைபடத்தில் 25க்கு மேல் காட்டும் இடங்களைத் தனியாகச் செல்லும் நாளில் விட்டுவிடுங்கள். நேரில் அளக்க, ஊன்றுகோலைப் பனியின் மேல் சாய்வின் போக்கிலேயே படுக்கவைத்து, அதன்மேல் கைத்தொலைபேசியின் சாய்வுமானியை வைத்துப் பாருங்கள். இதைக் கீழே, பாதுகாப்பான இடத்தில் நின்று, கண்ணால் ஊகித்துவிட்டு அளந்து பழக வேண்டும். முதல் சில முறை உங்கள் ஊகம் ஐந்து பாகை பிசகும். புறப்படுமுன் புளோக்கின் படிக்கட்டிலேயே அளந்து பாருங்கள். என் புளோக்கில் அது 31 பாகை காட்டியது. ஏற வேண்டாம் என்று நான் சொல்லும் சாய்வில்தான் தினமும் பயிற்சி செய்கிறீர்கள் என்றால், அது எவ்வளவு செங்குத்து என்பது உங்கள் முழங்காலுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, ஸ்கின் பட்டைகளை மோவாப்பில் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், அவற்றின் பசை இளகிவிடும். மலையில் இதற்கு நேர்மாறு: கழற்றியதும் மடித்து மேற்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்துவிட்டால் இரண்டாம் ஏற்றத்துக்கு ஒட்டாது.