படம் தாண்டிப்போன அந்த ஓராண்டு: 2015 ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ பற்றி ஒரு கேள்வி

பாறைத்தோழன்:

2015இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ ரீபூட்டை (கதையை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கிய படம்) மறுபடியும் பார்த்தேன். உடல் நீளும் ரீட், பாறையாகும் பென், கண்ணுக்கு மறையும் சூ, நெருப்பாகும் ஜானி என்ற நால்வரின் மார்வெல் காமிக்ஸ் கதை அது. முதல்முறை வந்த அதே ஆத்திரம் இப்போதும் வந்தது. ஆனால் அது எந்த இடத்தில் கிளம்புகிறது என்று இந்த முறை நன்றாகவே பிடிபட்டது.

வேற்றுலகப் பயணத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு ராணுவ ஆய்வுக்கூடத்தில் ரீட் கண் விழிக்கிறான். கைகால்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. எங்கிருந்தோ பென் அவனைக் கூப்பிடுகிறான். காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து வரும் ரீட், பாறையாகிப் போன நண்பனைப் பார்க்கிறான். உன்னைச் சரிசெய்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவனை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போகிறான். அந்த இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இனி இந்த இருவரும் எந்த முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள்? படம் உடனே ‘ஓராண்டுக்குப் பின்’ என்று எழுத்துப் போடுகிறது. அவ்வளவுதான். பென்னின் வெறுப்பு வளர்ந்தது, அவன் ராணுவத்தின் ஆயுதமானது, சூவும் ஜானியும் தங்கள் உடலோடு வாழப் பழகியது எல்லாம் அந்த எழுத்துக்குப் பின்னால் போய்விட்டன. நான் பார்க்க வந்ததே அந்த ஓராண்டைத்தான்.

1961இல் வந்த காமிக்ஸின் முதல் இதழை எடுத்துப் பாருங்கள். அதில் நால்வரும் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போகிறார்கள். அங்குள்ள காஸ்மிக் கதிர்கள் ஆபத்தானவை என்று முன்கூட்டியே எச்சரித்தவன் பென். சூ அவனைக் கோழை என்று சொல்லிவிடுகிறாள். அந்த ரோஷத்தில்தான் ராக்கெட்டை ஓட்டச் சம்மதிக்கிறான். ராக்கெட் விழுந்த இடத்திலேயே மரத்தைப் பிடுங்கிக்கொண்டு ரீடை அடிக்க வருகிறான். ரீட் நீண்டு அவனைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிறான். இதை உருவாக்கிய ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அந்தக் கோபத்தை நாளைக்கு என்று தள்ளிவைக்கவில்லை. அடித்துக்கொண்ட சூடு ஆறுவதற்குள் நான்கு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. இவையெல்லாம் சில பக்கங்களுக்குள் நடந்துவிடுகின்றன. நூறு நிமிடப் படத்தில் இதற்கு இடமில்லையா?

இன்னொன்றும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. ‘இட்ஸ் கிளாபரிங் டைம்’ (அடித்து நொறுக்கும் நேரம் இது) என்பது பென் உற்சாகமாகக் களத்தில் இறங்கும்போது எழுப்பும் கூவல். படத்தில் அது, சிறுவன் பென்னை அடிக்கும் முன் அவன் அண்ணன் சொல்லும் வார்த்தை! காமிக்ஸில் பென்னின் அண்ணன் டேனியல், பென் மலைத்துப் பார்த்து வளர்ந்தவன். தெருச்சண்டையில் இளம் வயதிலேயே இறந்துபோனவன். அடி வாங்கிய பிள்ளை, அடித்தவனின் சொல்லையே தன் வெற்றி முழக்கமாக எடுத்துக்கொள்கிறான் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் பற்றிப் பேச ஒரு காட்சியாவது வேண்டாமா?

ஜானியாகக் கறுப்பின நடிகர் நடித்ததுதான் குற்றம் என்று அப்போது கூச்சலிட்டவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். மைக்கேல் பி. ஜோர்டனுக்கு இன்னும் நாலு நல்ல காட்சிகள் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். என் அக்கா மகன் இந்தப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, “இவர்களுக்குள் ஒருவரையொருவர் பிடிக்கவே பிடிக்காதா மாமா?” என்று கேட்டான். அவன் கையில் எந்த இதழை முதலில் கொடுக்கலாம்?

நெகடிவ்_மண்டலம்:

அந்த ஓராண்டு விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம்தான். ஆனால் மூலத்திலிருந்து விலகியதால் படம் கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். 2004இல் தொடங்கிய ‘அல்டிமேட் ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ தொடரிலும் ராக்கெட் கிடையாது. பாக்ஸ்டர் கட்டடத்தில் படிக்கும் மேதைப் பிள்ளைகள், வேறொரு பரிமாணத்துக்குப் போகும் சோதனை, அதில் விபத்து என்றுதான் கதை போகிறது. படம் எடுத்துக்கொண்டது அந்த வழியை. உடல் உருமாறுவதை வரமாகக் காட்டாமல் பயங்கரமாகக் காட்டிய ஆய்வுக்கூடக் காட்சிகள் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தன. முந்தைய இரண்டு படங்களிலும் (2005, 2007) அந்தத் துணிச்சல் இல்லை. துணிந்தவர்கள் பாதியிலேயே கையைக் கழுவிவிட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

லத்வேரியா_வாசகன்:

பென்னுக்காவது ஒரு நல்ல காட்சி கிடைத்தது. இவர்களின் பரம எதிரி டாக்டர் டூமுக்கு, அதாவது விக்டருக்கு?

1964இல் வந்த இரண்டாவது ஆண்டு மலரில் டூமின் பிறப்புக் கதை இருக்கிறது. கல்லூரியில் விக்டர் ஒரு இயந்திரம் செய்கிறான். அவன் அறைக்கு வரும் ரீட், கணக்கில் ஒரு பிழை இருப்பதைப் பார்த்துச் சொல்கிறான். விக்டர் கேட்க மறுக்கிறான். இயந்திரம் வெடிக்கிறது, முகம் சிதைகிறது, கல்லூரியிலிருந்து வெளியேற்றுகிறார்கள். ரீட் சொன்னது சரி என்று ஒருமுறை ஒப்புக்கொண்டிருந்தால் டாக்டர் டூம் என்று ஒருவன் உருவாகியே இருக்கமாட்டான். ஒப்புக்கொள்ள மனம் வராமல் திபெத்துத் துறவிகளிடம் போகிறான். அவர்கள் வார்த்த இரும்பு முகமூடி சூடு ஆறும்வரைகூடக் காத்திருக்காமல் முகத்தில் அணிந்துகொள்கிறான். அந்தக் கட்டங்களை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. அந்த அவசரத்தில் அவனுடைய முழுக் குணமும் இருக்கிறது. பிறகு லத்வேரியா என்ற ஒரு நாட்டையே ஆள்கிறான். ஆனாலும் அந்த ஒரு பிழை அவனை விடவில்லை.

படத்தின் விக்டர் வேற்றுலகில் தவறிப்போய் விண்உடையோடு ஒட்டிப்போனவன். ரீடின் மேல் அவனுக்கு என்ன பகை? பூமியை ஏன் அழிக்க வேண்டும்? லத்வேரியா இல்லை, கர்வம் காயப்பட்ட கதை இல்லை. திரும்பி வந்ததும் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்றபடி நடந்துபோகிறான், கடைசிச் சண்டை தொடங்கிய வேகத்திலேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் ஓராண்டில் இவனும் அந்த வேற்றுலகில் தனியாக இருந்திருக்கிறான் அல்லவா? அந்தத் தனிமையைப் பத்து நிமிடம் காட்டியிருந்தால்கூட அவனை நான் நம்பியிருப்பேன்.

கண்ணுக்குத்_தெரியாதவள்:

சூவைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

படத்தில் அந்த வேற்றுலகப் பயணத்துக்கு அவளை யாரும் கூப்பிடவே இல்லை. ஆண்கள் நால்வரும் குடித்துவிட்டு நள்ளிரவில் கிளம்புகிறார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவரப் போராடுகிறவள் சூ. அப்போது நடந்த வெடிப்பில்தான் அவளுக்குச் சக்தி வருகிறது. 1961இலேயே அவள் ராக்கெட்டில் ஏறிவிட்டாள்! அன்றைய கதைகளில் அவளை மயங்கி விழுகிறவளாகவும் பிணைக்கைதியாகவும் நிறையவே எழுதினார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனாலும் புறப்படும்போது அவள் உள்ளே இருந்தாள். 1980களில் ஜான் பைர்ன் எழுதி வரைந்த காலத்தில், 284ஆம் இதழில் ‘இன்விசிபிள் கேர்ள்’ என்ற பெயரை உதறி ‘இன்விசிபிள் வுமன்’ ஆனாள். நால்வரில் அதிக வலிமை அவளுக்குத்தான் என்று வாசகர்கள் வாதிடும் அளவுக்கு வளர்ந்தாள். அதற்கெல்லாம் பிறகு வந்த படத்தில் அவள் கணினி முன் உட்கார்ந்திருக்கிறாள்.

2025இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படத்தையும் மருமகனுக்குக் காட்டுங்கள். 1960களின் சாயலில் ஒரு மாற்று உலகம். சக்தி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நால்வரும் ஏற்கெனவே ஒரு குடும்பமாக வாழும் இடத்தில் தொடங்குகிறது. நீங்கள் தேடும் சண்டையும் சமாதானமும் ஒரே வீட்டுக்குள் நடக்கின்றன.

நெகடிவ்_மண்டலம்:

புத்தகம் என்றால் 51ஆம் இதழ். 1966இல் வந்தது, ஒரே இதழில் முடியும் கதை. பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு விஞ்ஞானி பென்னின் உருவத்தைத் திருடிக்கொண்டு ரீடைப் பழிவாங்க வருகிறான். ரீட் முன்பின் யோசிக்காமல் தன் உயிரையே பணயம் வைப்பதை அந்த விஞ்ஞானி அருகில் இருந்து பார்க்கிறான். அதன்பிறகு அவன் எடுக்கும் முடிவை நான் சொல்லமாட்டேன், பையன் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். “பிடிக்கவே பிடிக்காதா மாமா” என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

பாறைத்தோழன்:

மூவருக்கும் நன்றி. 51ஐயே முதலில் கொடுக்கிறேன். டூமின் ஆண்டு மலர் அடுத்தது. அந்தச் சூடு ஆறாத முகமூடியை அவன் வயதில் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

தோழி, 284ஐத் தனியாகக் கொடுத்தால் அவனுக்குப் புரியுமா, அல்லது அதற்கு முந்தைய சில இதழ்களும் சேர்ந்தே வேண்டுமா?

கண்ணுக்குத்_தெரியாதவள்:

சேர்த்தே கொடுங்கள். பெயரை மாற்றும் முடிவுக்கு அவளைக் கொண்டுவந்த துன்பம் முழுக்க முந்தைய இதழ்களில்தான் இருக்கிறது. அது தெரியாமல் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தால், வெறும் பெயர் மாற்றமாகத்தான் தெரியும். ஆனால் அது கொஞ்சம் இருண்ட கதை. பையன் சிறியவன் என்றால் இரண்டு வருடம் பொறுங்கள்.