கம்பெனி காசுல ஒரு கான்பரன்ஸ்: வேலூர் பக்கம் இருந்து எதுக்குப் போனா உபயோகம்?

வாலாஜா_விபி6

எல்லாருக்கும் வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனியில ஐடி பார்க்கிறேன். ஐடின்னா நான், ஒரு அண்ணன், பிரிண்டர் மாட்டிக்கிட்டா ஓடி வர்ற ஒரு பையன். டிபார்ட்மென்ட்டே அவ்ளோதான். ஆறு வருஷம் ஆச்சு.

எங்க ஈஆர்பி, அதாவது கம்பெனி வேலை மொத்தமும் ஓடுற சாப்ட்வேர், 2003ல ஒருத்தர் எழுதிக் குடுத்தது. மைக்ரோசாஃப்ட்டோட பழைய புரோகிராம் மொழி விபி 6, பின்னாடி டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல் சர்வர். தோல் இஷ்யூ, கட்டிங், க்ளோஸிங் (மேல்பாகம் தைக்கிறது), லாஸ்டிங் (அதை அச்சுல ஏத்துறது), பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதுலதான். எழுதினவர் கனடா போயி பத்து வருஷம் ஆகுது. சோர்ஸ் இருக்கு, ஆனா தொட பயம். ஒரு பட்டனை நகர்த்தினா வேற எங்கயோ சதுரடி கணக்கு தப்புது.

போன வாரம் முதலாளி அதிசயமா கூப்பிட்டு, "எங்கயாவது ஒரு கான்பரன்ஸ் போயிட்டு வா, உலகத்துல என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு வந்து சொல்லு, 15 ஆயிரம் வரைக்கும் தரேன்"னு சொன்னார். கையில மூணு இருக்கு. ஒண்ணு, பெங்களூர்ல ஸ்டார் ஓட்டல்ல ரெண்டு நாள் என்டர்பிரைஸ் டெக்னாலஜி சம்மிட். 12 ஆயிரம், ஜிஎஸ்டி தனி. ஆனா ஒரு ஃபார்ம் நிரப்பினா ஃப்ரீ பாஸாம். ரெண்டாவது மெயில்ல வந்துச்சு, சர்வதேசக் கருத்தரங்கு, பேப்பர் அனுப்பினா சர்டிபிகேட்டோட பிரசுரமும் பண்ணித் தருவாங்களாம், 6,500. மூணாவது, சென்னையில டெவலப்பருங்க அவங்களே சேர்ந்து நடத்துற ஒரு நாள் கூட்டம், கட்டணம் 800.

நான் பி.எஸ்சி. இங்கிலீஷ்ல பேசினா புரியும், எழுந்து நின்னு கேள்வி கேட்க வராது. போனவங்க யாராவது சொல்லுங்க. திரும்பி வந்து முதலாளிகிட்ட என்ன சொல்றதுன்னும் சொல்லுங்க.

ஆரணி_பட்டு

ஸ்டார் ஓட்டலுக்கே போங்க பாஸ். நான் போன தடவை ரெண்டு பை, மூணு டிஷர்ட், ஒரு ஸ்டீல் பாட்டில் தேத்தினேன். பாட்டில் இன்னும் நைனாவோட தறிக்குழியில கீது. பேசினது ஒண்ணும் ஞாபகம் இல்ல.

காட்பாடி_பாசஞ்சர்

தம்பி, ஆரணிக்காரர் சிரிக்கச் சொன்னாலும் பொய் சொல்லல. இருபத்தி ரெண்டு வருஷம் காட்பாடியில ஏறி மெட்ராஸ்லயும் பெங்களூர்லயும் வேலை பார்த்தவன் நான். கொஞ்சம் நீளமா எழுதறேன், டீ வெச்சுக்கினு படி.

முதல்ல அந்த ஃப்ரீ பாஸ் ஃபார்ம். அதுல கம்பெனியில எத்தனை பேர், இந்த வருஷ ஐடி பட்ஜெட் எவ்ளோ, முடிவு எடுக்கிற அதிகாரம் உங்களுக்கு உண்டான்னு கேட்டிருப்பான். அந்த மூணு பதில்தான் டிக்கெட் காசு. 12 ஆயிரத்தை நீ கட்டலன்னா உன் போன் நம்பரை வாங்கிக்கிறவன் கட்டறான். நான் ஒரு தடவை விளையாட்டுக்கு பட்ஜெட் அஞ்சு கோடின்னு டிக் அடிச்சேன். ஸ்டால் ஸ்டாலா கழுத்துல தொங்கின அட்டையோட கியூஆரை ஸ்கேன் பண்ணாங்க, நானும் பெருமையா காட்டினேன். ஒரு வருஷம் போன் நிக்கல. வள்ளிமலையில பொண்ணுக்குக் காது குத்துறப்போ ஒருத்தன் கிளவுட் மைக்ரேஷன் வேணுமா சார்ன்றான்.

அதுக்காக அது மாதிரி விழாவே வீண்னு சொல்ல வரல. ஒரு சாப்ட்வேரை ஏற்கனவே வாங்கி மாட்டிக்கினவனுக்கு அது வேணும். இப்போ எஸ்ஏபின்ற பெரிய சாப்ட்வேர் கம்பெனி அவனோட பழைய ஈஆர்பிக்கு 2027 கடைசியோட வழக்கமான பராமரிப்பை நிறுத்தறேன்னு சொல்லிட்டான், கூடக் காசு கட்டறவனுக்கு 2030 வரைக்கும். அதை வெச்சிருக்கிறவன் கண்டிப்பா போயி, அடுத்து என்ன வழின்னு அவன் வாயால கேட்டுக்கணும். உன் கதை வேற. உன் விபி 6க்கு மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரல்லயே கும்பிடு போட்டாச்சு. எந்த ஸ்டால்ல போயி நின்னாலும் "மொத்தத்தையும் தூக்கிட்டு எங்களுதைப் போடுங்க"ன்னுதான் சொல்லுவான். வேற என்ன சொல்லுவான், அவன் விக்க வந்தவன்.

எனக்குப் புத்தி வந்த இடம் ஒரு சாப்பாட்டு வரிசை. மெட்ராஸ்ல ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி ஒண்ணுல இருந்தேன். மாசக் கடைசி ஆனா அக்கவுன்ட்ஸ்ல பெரிய ரிப்போர்ட்டைப் போடுவாங்க, அந்த நேரம் பார்த்து குடோன்ல என்ட்ரி உறைஞ்சு நிக்கும். லாரி வெளியில, டிரைவர் கத்தறான். மூணு மாசம் நானும் இண்டெக்ஸ் போட்டேன், ரேம் போட்டேன், சர்வர் ரூம் ஏசியைக்கூட மாத்தினேன். அப்போ ஞாயித்துக்கிழமை ஒரு சின்ன கூட்டம், நாப்பது பேர் இருப்போம். காலையில கேட்ட லெக்சர் எதுவும் எனக்கு ஒத்து வரல. மத்தியானம் தயிர் சாதத்துக்கு நிக்கறப்போ முன்னாடி இருந்த பெரியவர் "என்ன வேலை"ன்னு கேட்டார். புலம்பிட்டேன். தட்டைக் கையில வெச்சுக்கினே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் ஆன் பண்ணியா?"

விஷயம் இதுதான். எஸ்க்யூஎல் சர்வர்ல வழக்கமா படிக்கிறவன் பூட்டு போட்டுக்கினு படிப்பான், அவன் முடிக்கிற வரைக்கும் எழுதறவன் காத்திருக்கணும். எழுதறவன் உள்ள இருந்தா படிக்கிறவன் காத்திருக்கணும். இந்த ஸ்னாப்ஷாட்டைப் போட்டா படிக்கிறவனுக்குக் கடைசியா கமிட் ஆன, அதாவது எழுதி முடிச்சுப் பதிவான, பிரதியை எடுத்துக் குடுத்துடும், ஒருத்தரை ஒருத்தர் மறிக்க மாட்டாங்க. அந்தப் பிரதிங்க டெம்ப்டிபின்ற தற்காலிக டேட்டாபேஸ்ல போயி சேரும், அதனால அங்க டிஸ்க் இடத்தைப் பார்த்துக்கணும். ஆன் பண்ற நிமிஷம் டேட்டாபேஸ்ல வேற யாரும் கனெக்ட் ஆகி இருக்கக் கூடாது. நான் ஒரு ஞாயிறு ராத்திரி பண்ணேன். அடுத்த மாசக் கடைசி குடோன்ல சத்தமே இல்ல. அந்தப் பெரியவர் பேரைக் கேக்காம விட்டது இன்னிக்கும் உறுத்துது.

சாப்ட்வேர்க்காரங்க கூட்டம்னா அந்தக் காலத்துலயே இப்படித்தான். 1968 அக்டோபர்ல ஜெர்மனியில கார்மிஷ்ன்ற மலை ஊர்ல நேட்டோ ஒரு கூட்டம் போட்டுச்சு. சாப்ட்வேர் இன்ஜினியரிங்ன்ற பேரே அங்கேர்ந்துதான் பரவிச்சு. சுமார் அம்பது பேர்தான். பீட்டர் நௌர், பிரையன் ராண்டல் ரெண்டு பேரும் அதோட அறிக்கையைத் தொகுத்தாங்க. படிச்ச கட்டுரையோட நிறுத்தாம, யார் யார்கிட்ட என்ன வாதாடினாங்கன்றதையும் எடுத்து உள்ள போட்டிருக்காங்க. படிச்சா நம்ம ஆபீஸ் மீட்டிங் மாதிரியே இருக்கும். சொன்ன தேதியில முடியல, கணக்குப் போட்டதைவிடச் செலவு அதிகம்னு அப்பவே அதே ஒப்பாரி.

இன்னொண்ணு, லெக்சர் வேற, ஒர்க்‌ஷாப் வேற. லெக்சரை அப்புறம் யூடியூப்ல பார்த்துக்கலாம், பெரும்பாலும் ஏத்திடுவாங்க. ஒர்க்‌ஷாப்ல உன் லேப்டாப்ல உன் கையால அடிக்கணும், சீட்டு கொஞ்சம்தான், முதல்ல ரொம்பறதும் அதுதான். பழைய சிஸ்டத்தை மாத்துறதைப் பத்தி எங்க ஒர்க்‌ஷாப் இருந்தாலும் மொதல்ல அதுக்கு எழுதிப் போடு. நான் போன ஒண்ணுல ஸ்ட்ராங்க்லர் ஃபிக்னு ஒரு முறை சொல்லிக் குடுத்தாங்க. சாப்ட்வேர் பத்திப் புஸ்தகம் எழுதற மார்ட்டின் ஃபௌலர் ஆஸ்திரேலியா காட்டுல ஒரு மரத்தைப் பார்த்துட்டு 2004ல எழுதினது. நமக்கு எதுக்கு ஆஸ்திரேலியா? ஏரிக்கரைப் பனைமரத்துல காக்கா போட்ட விதை ஆலாகி, வேரைக் கீழ விட்டு, பத்திருபது வருஷத்துல பனையையே மூடிக்கினு நிக்குமே, அதேதான். பழைய புரோகிராமை வெட்டாதே. பேக்கிங் லிஸ்டை மட்டும் புதுசா எழுது, அதே டேட்டாபேஸ் மேலயே ஓடட்டும், ஆளுங்களை அந்த ஒரு ஸ்கிரீனுக்கு மட்டும் திருப்பிவிடு. ஒரு சீசன் ஓடினதும் அடுத்தது. லாஸ்டிங் வரைக்கும் வர்றப்போ விபி 6 உள்ளேயே மக்கிடும்.

கேள்வி கேக்க வராதுன்ற. எழுந்து நிக்கவே வேணாம், காபி நேரத்துல கேளு. அதுக்கு ஒரு வேலை செய். உன் பிரச்சனையை ஒரே ஒரு தாள்ல எழுதி சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கோ. என்னோட ஓட்டு அந்த 800 ரூபாய்க்கு.

பாகாயம்_அக்கா

அந்த ரெண்டாவது மெயிலைப் பத்தி நான் சொல்றேன், காலேஜ்ல பாடம் எடுக்கிறவ.

தம்பி, அந்த மெயில்ல தலைப்பு வரிசையைப் பாருங்க. கம்ப்யூட்டர், சிவில், நர்ஸிங், யோகா எல்லாம் ஒரே கருத்தரங்குல இருந்தா அப்பவே மூடிடுங்க. மூணு நாள்ல பேப்பர் ஏத்துக்கிட்டோம்னு பதில் வந்தாலும் அப்படித்தான். நல்ல இடத்துல ரெண்டு மூணு பேர் படிச்சு, இது தப்பு, இதுக்கு ஆதாரம் எங்கேன்னு கேட்டு எழுதுவாங்க, மாசக்கணக்குல ஆகும். 2005ல அமெரிக்காவுல எம்ஐடி பசங்க மூணு பேர் வாய்க்கு வந்த வார்த்தையெல்லாம் கோர்த்துத் தர்ற ஒரு புரோகிராம் எழுதி, அது துப்பின பேப்பரை ஒரு கருத்தரங்குக்கு அனுப்பினாங்க, ஏத்துக்கிட்டாங்க. அதே புரோகிராமைப் பிடிச்சுக்கிட்டு வேற பலரும் அனுப்பி, 2014ல பெரிய பதிப்பகங்களே 120க்கும் மேல பேப்பரைத் திரும்ப எடுத்தாங்க.

நானே ஏமாந்திருக்கேன். பதவி உயர்வுக்குப் புள்ளி வேணும்னு கைக்காசு போட்டு ஒரு ஊருக்குப் போனேன். ஹால்ல ஒன்பது பேர். பேசறதுக்கு முன்னாடியே சர்டிபிகேட்டைக் கையில குடுத்துட்டாங்க. என் முறை வந்தப்போ தலைமை தாங்கினவர் சாப்பிடப் போயிட்டார், மைக்கைப் பிடிச்ச பையனுக்காகப் பன்னெண்டு நிமிஷம் பேசினேன். அவன் நல்லாதான் கேட்டான், பாவம்.

ஆராய்ச்சிப் பக்கம் நிஜமாவே பார்க்கணும்னா ஐசிஎஸ்இ பேரை வெச்சுக்கோங்க, ஸ்கூல் போர்டு இல்ல, சாப்ட்வேர் இன்ஜினியரிங்குக்கான சர்வதேசக் கருத்தரங்கு, 2014ல ஐதராபாத்துக்கே வந்துச்சு. அதே துறைக்கு நம்ம நாட்டுல ஐசெக்னு ஒண்ணு 2008லேர்ந்து நடக்குது. ரெண்டும் உங்களுக்கு இப்போதைக்குத் தேவை இல்ல. தமிழ்ல பேசினா தைரியம் வரும்னா காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவோட ஆன்லைன் கூட்டத்துல உக்காந்து பழகுங்க. 2023 ஜனவரியில விழுப்புரத்துலயே டெபியன்ற லினக்ஸை உருவாக்குறவங்க மினி டெப்கான்ஃப்னு ஒரு கூட்டம் நடத்தினாங்க. இதுக்கெல்லாம் பெங்களூர்தான் போகணும்னு இல்ல.

வாலாஜா_விபி6

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. 800 ரூபாய்க்குப் பதிஞ்சுட்டேன். சாயங்காலம் சென்ட்ரல்ல ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிச்சுத் திரும்பலாம்னு இருக்கேன். தாள்ல இப்படி எழுதினேன்: "எங்க ஈஆர்பி ரொம்பப் பழசு, விபி 6, எப்படி மாத்துறது?" சரியா?

காட்பாடி_பாசஞ்சர்

தப்பு. இப்படிக் கேட்டா கேட்டவன் "அய்யோ பாவம்"னுட்டு காபி எடுக்கப் போயிடுவான். எந்த ஸ்கிரீன், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் உள்ள இருக்கிறப்போ, எத்தனை செகண்ட் ஆகுதுன்னு எழுது. கடிகாரத்தைக் கையில வெச்சுக்கினு ரெண்டு நாள் ஷாப் ஃப்ளோர்ல நில்லு. ஏலகிரிக்கு ரிசர்வேஷன் போட்டுடு, ஜெனரல்ல நிக்காதே.

வாலாஜா_விபி6

அண்ணா, ரெண்டு நாள் நின்னேன். சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஆறே கால் வரைக்கும் 22 கம்ப்யூட்டர் ஈஆர்பி உள்ள இருக்கு. சைஸ் வாரியா ஆர்டர் சேவ் பண்ண 40 செகண்ட். அதே நேரம் கட்டிங்ல தோல் இஷ்யூ போட முடியல. யார் மறிக்கிறாங்கன்னு தேடிப் பார்த்தா, எம்டி ரூம்ல சுவத்துல ஒரு டிவி மாட்டியிருக்கோம். ஸ்டாக் ரிப்போர்ட் அதுல நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா ஓடுது. மூணு வருஷம் முன்னாடி நான்தான் போட்டுக் குடுத்தேன், மறந்தே போச்சு. நேத்து மத்தியானம் அவர் வெளிய போனப்போ அணைச்சுப் பார்த்தேன். 40 செகண்ட், 6 ஆயிடுச்சு.

இப்போ தாள்ல என்ன எழுதறது?

காட்பாடி_பாசஞ்சர்

அந்த 6 செகண்ட் ஏன்னு எழுது. டேட்டாபேஸ்ல அந்த ஸ்னாப்ஷாட்டைப் போட்டு, டிவி ரிப்போர்ட்டைப் பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்திடு, முதலாளிக்குத் தெரியவே தெரியாது.

ஆரணி_பட்டு

15 ஆயிரத்துல 800 போக மிச்சத்தைத் திருப்பிக் குடுக்கப் போறீங்களா பாஸ்? ஆம்பூர் பக்கத்துலதான் கீது, சொல்றேன்.