மான்கள் மேய்ந்த உயிர்வேலி மீண்டும் தழைக்குமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில், பின்புறம் சிறு காட்டை ஒட்டிய வீட்டில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் இடையே மறைப்பாக இருக்கட்டும் என்று 'எமரால்டு கிரீன்' வகை ஆர்பர்விட்டே (உயிர்வேலிக்கு வைக்கும் என்றும் பசுமையான மரம்) கன்றுகள் 14 நட்டிருந்தோம். கடந்த பனிக்காலத்தில் வெண்வால் மான்கள் அவற்றை என் மார்பளவு உயரம் வரை மேய்ந்துவிட்டன. இளவேனிலில் துளிர்க்கும் என்று காத்திருந்தும் அடிக்கிளைகள் வெறும் குச்சிகளாகவே நிற்கின்றன. முன்வாசலில் இலையழகுக்காக வைத்த ஹோஸ்டா செடிகளும் டியூலிப்பும் மிஞ்சவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் ஆசையாகப் போட்ட அவரைப்பந்தலும் ஒரே இரவில் அழிந்தது. அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த மரங்கள் மீளுமா? இனி வருவதையாவது எப்படிக் காப்பது?

மறுமொழி 1

வணக்கம். முதலில் வருத்தமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: ஆர்பர்விட்டேயின் பச்சை முழுவதும் போய், பழைய கட்டை மட்டும் எஞ்சிய கிளையிலிருந்து புதுத் துளிர் வருவது மிக அரிது. மேற்பகுதி பச்சையாக இருந்தால் மரம் பிழைக்கும், ஆனால் அடியில் மறைப்பு இருக்காது. அங்கே மான் அதிகம் விரும்பாத செடிகளை முன்வரிசையாக நட்டு மறைப்பதே நல்லது. புதிதாக மரம் வைப்பதானால் ஆர்பர்விட்டேயிலேயே 'கிரீன் ஜயன்ட்' வகையைப் பாருங்கள். அதை மான்கள் ஒப்பீட்டளவில் குறைவாகவே கடிக்கின்றன.

இதைச் செய்தது மான்தானா என்பதையும் கடிவாயைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் அது தண்டைப் பிய்த்து இழுக்கும், நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்திருந்தால் கத்தியால் சரிவாக வெட்டியதுபோல இருக்கும்.

செடிகளைத் தேர்ந்தெடுக்க, நியூ ஜெர்சியின் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் வெளியிட்டுள்ள பட்டியல் மிகவும் உதவும். அரிதாகச் சேதமடைபவை முதல் அடிக்கடி கடுமையாகச் சேதமடைபவை வரை நான்கு நிலைகளாக அதில் பிரித்திருக்கிறார்கள். டியூலிப்புக்குப் பதில், அதைப்போலவே இளவேனிலில் பூக்கும் டாஃபடில் வையுங்கள், அதன் நச்சுத்தன்மையால் மான்கள் தொடுவதில்லை. லாவெண்டரும் பாக்ஸ்வுட் என்னும் பசுமைமாறாப் புதர்ச்செடியும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆயினும் கடும்பனியில் பசித்த மான் எதையும் கடித்துப் பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மறுமொழி 2

மேலே நண்பர் கூறியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் காய்கறித் தோட்டத்தைப் பொறுத்தவரை வேலி ஒன்றே முழுமையான காப்பு என்பது என் உறுதியான கருத்து. வெண்வால் மான் நன்றாகத் தாண்டக்கூடியது என்பதால் எட்டடி உயரம் தேவை. கறுப்பு பிளாஸ்டிக் வலை போதும், ஆனால் அடிப்பக்கத்தை முளையடித்துத் தரையோடு இறுக்காவிட்டால் மான் தாண்டுவதை விட்டுவிட்டுக் குனிந்து அடியில் நுழைந்துவிடும். பல ஊர்களில் வேலியின் உயரத்துக்கு வரம்பு உண்டு. வாங்கும் முன் உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எட்டடிக்கு அனுமதி இல்லையென்றால், அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதபடி பலகையால் அடைத்த ஆறடி வேலியும் பெரும்பாலும் பயன் தரும், ஏனெனில் இறங்கும் இடம் தெரியாமல் மான் தாண்டத் தயங்கும்.

அழுகிய முட்டை கலந்த மான்விரட்டித் தெளிப்புகள், மான் வராதிருக்கச் செடிகளில் தொங்கவிடும் சோப்பைவிட நன்றாக வேலை செய்கின்றன. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், பெருமழைக்குப் பின்னும் மறுபடி தெளிக்க வேண்டும். பனிக்காலத்துக்கான தெளிப்பை, உறைநிலைக்கு மேல் வெப்பம் இருக்கும் ஒரு காய்ந்த நாளில், மான்கள் மேயத் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அவரைக்கு வலைவேலி போடத் தீர்மானித்துவிட்டோம். சென்ற வாரம் நட்ட இளம் மேப்பிள் மரத்துக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

மறுமொழி 2

கட்டாயம் செய்யுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆண் மான்கள் கொம்பை இளமரங்களில் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும். சுற்றிலும் உரிந்தால் மரமே பட்டுப்போகும். தண்டில் படாதவாறு ஐந்தடிக் கம்பிவலையைக் கூண்டுபோல வளைத்து, ஆகஸ்ட் முடிவதற்குள் நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, மான் நடமாடும் இடத்தில் உண்ணிகளும் இருக்கும், அவற்றால் லைம் நோய் பரவும். தோட்டத்திலிருந்து வந்ததும் மாமியாரின் கால்களையும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பையும் தவறாமல் பாருங்கள்.