அந்த 30 ஆம்பளைக்குச் செல்லுமா?

கடலோரம்: "மாரத்தான் ஓடுற ஆணுக்கு ஆற்றல் இருப்பு கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனா டெஸ்டோஸ்டீரோன் (ஆண் ஹார்மோன்) விழும்"னு நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார். ஆற்றல் இருப்புன்னா ஒரு நாள் சாப்பாட்டுக் கலோரியில பயிற்சிக்குப் போனதைக் கழிச்சு, மிச்சத்தைக் கொழுப்பு இல்லாத உடல் எடையால வகுக்கிறது. அந்த 30 எங்கிருந்து வந்துச்சு? 2003ல வந்த பெண்கள் ஆய்வு. வழக்கமா உடற்பயிற்சி செய்யாத பெண்கள், 5 நாள், பார்த்தது எல்.எச். துடிப்பு, அதாவது சினைப்பையைத் தூண்டுற மூளைச் சுரப்பி ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கிறது. அதை ஆம்பளை தலையில கட்டாதீங்க.

வேகத்தடம்: எழுதினது நான்தான். கணக்கைப் பாருங்க. ஓட்டக்காரர் 62 கிலோ, கொழுப்பைக் கழிச்சா 54. சாப்பாடு 2400 கலோரி. 20 கி.மீ. ஓட்டத்துக்கு 1240 போச்சு. மிச்சம் 1160, 54ஆல வகுத்தா 21.5. இதுல உடம்பு எலும்பைப் பார்க்குமா, தசையைப் பார்க்குமா?

கடலோரம்: 1240 தப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த 1 மணி 40 நிமிஷத்துல 120 எரியும். அதைக் கழிச்சா 23.7.

வேகத்தடம்: ரெண்டுமே 30க்குக் கீழதானே!

கடலோரம்: மறுபடியும் 30! ஆண்களை 4 நாள் 15ல வச்ச சோதனையில லெப்டினும் (கொழுப்புத் திசுவிலிருந்து வர்ற ஹார்மோன்) இன்சுலினும்தான் விழுந்துச்சு. டெஸ்டோஸ்டீரோன் அசையல.

எலும்புக்கூறு: 4 நாள் சோதனையை வச்சு 4 மாசத் தயாரிப்புக்குத் தீர்ப்பு சொல்றீங்களே, இது நியாயமா? முதல்ல வேற அறிகுறிதான் வரும். காலையில எழும்போது ஆணுறுப்பு விறைக்கிறது குறையும், தூக்கம் கெடும், வழக்கமான வேகத்துக்கே மூச்சு வாங்கும். முழங்காலுக்குக் கீழே இருக்கிற முன்பக்க எலும்போட உள்விளிம்பை விரல் நுனியால அழுத்துங்க. நீளத்துக்கும் வலிச்சா பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது ஓட்டத்தால அந்த எலும்பு ஓரத்துல வர்ற வலி. ஒரே புள்ளியில சுள்ளுனு இருந்தா எலும்புல விரிசலா இருக்கலாம், ஓட்டத்தை அன்னைக்கே நிறுத்திட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கணும். ஆரம்பத்துல எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாது.

வேகத்தடம்: அதைத்தானே நானும் சொல்றேன்.

கடலோரம்: இல்ல, நீங்க 30னு சொன்னீங்க.

ராகிப்பிரியன்: எடை இறங்கலைன்னா என்ன பற்றாக்குறை? காலையில ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் போதும்.

எலும்புக்கூறு: டி3ங்கிற தைராய்டு ஹார்மோன் இறங்கி, உடம்பு செலவைச் சுருக்கிக்கும். அதான் தராசு அசையல. 30 கிராம் கேழ்வரகு மாவுல மாவுச்சத்து சுமார் 20 கிராம். கடும் பயிற்சி நாள்ல எடைக் கிலோவுக்கு 8 கிராம் வச்சா 62 கிலோ ஆளுக்கு 496. கூழ் எந்த மூலைக்கு?

ராகிப்பிரியன்: கூழைக் குறை சொல்லாதீங்க, எங்க தாத்தன் பாட்டன் குடிச்சது.

எலும்புக்கூறு: அவங்க வாரம் 100 கி.மீ. ஓடல. டெஸ்டோஸ்டீரோன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறவங்களுக்கு ஒண்ணு: காலை 7லிருந்து 10க்குள்ள, வெறும் வயித்துல, ரெண்டு வெவ்வேற நாள். நீள ஓட்டத்துக்கு மறுநாள் வேண்டாம், அந்தக் களைப்பே எண்ணை இறக்கிக் காட்டும்.

கடலோரம்: எல்லாம் சரி. 30 யாரோடது? பதில் வரல.

வேகத்தடம்: 23.7 உங்க கணக்குதானே? அதுல யாராவது நல்லா ஓடினதைக் காட்டுங்க.

கடலோரம்: முதல்ல 30ஐ வாபஸ் வாங்குங்க.