ஆல்வர்ட் பிளாயாவில் மூணு ராத்திரி: இலவச கேம்பிங்குக்கு என்ன தயார் பண்ணணும்?

போர்ட்லண்ட்வாசி:
வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் தென்கிழக்கு ஒரிகன், ஆல்வர்ட் பாலைவனம் போறதா இருக்கோம். பெரியவங்க 2 பேர், 9 வயசுப் பையன். வண்டி டொயோட்டா ராவ்4, ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. காசு கட்டித் தங்குற கேம்ப்கிரவுண்ட் பழக்கம்தான், பி.எல்.எம். (அமெரிக்க அரசோட நில மேலாண்மைத் துறை) நிலத்துல சும்மா டென்ட் போடுறது இதுதான் முதல் தடவை. எங்க இறங்கலாம், எவ்வளவு தண்ணி எடுக்கணும், கழிப்பிடத்துக்கு என்ன வழி? நம்ம சாப்பாட்டையே சமைக்க ஆசை. காத்து பலமா அடிக்கும்னு சொல்றாங்களே, சாதாரண 6 பேர் டென்ட் தாங்குமா?

ஜல்லிச்சாலை:
பெர்மிட், புக்கிங், கட்டணம் எதுவும் வேண்டாம். ஓரிடத்தில் 28 நாளுக்குள் 14 நாள் தங்கலாம் என்பது பி.எல்.எம்.மின் பொதுவான வரம்பு. நீங்கள் பார்க்க வேண்டியது காலடியில் இருக்கும் நிலம் யாருடையது என்பதை. அவர்கள் வரைபடத்தில் மஞ்சள் பி.எல்.எம்., பச்சை வனத்துறை, நீலம் மாநில அரசு, வெள்ளை தனியார். பிளாயாவின் (வற்றிய ஏரிப்படுகையின்) மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆல்வர்ட் வெந்நீர் ஊற்று தனியாருடையது, அங்கே கட்டணம் உண்டு. பிளாயாவுக்குப் பொது வழியில் இறங்க ஃப்ராக் ஸ்பிரிங்ஸ் பக்கம் போங்கள். பொது நில லேயரோடு வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே சிக்னலை நம்பிப் போக முடியாது.

வடக்கே இருக்கும் பர்ன்ஸ் ஊரிலிருந்து இரண்டு வழி. 78-ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்து தெற்கே திரும்பினால் நீளமான ஜல்லிச் சாலை. 205-இல் ஃப்ரெஞ்ச்க்ளென் தாண்டி ஃபீல்ட்ஸ் என்ற சிற்றூர் வரை வந்தால் முழுக்கத் தார். அங்கிருந்து வடக்கே 20 மைல் போலத்தான், கடைசிப் பகுதி ஜல்லி. உங்கள் டயருக்கு இரண்டாவதுதான் நல்லது. பர்ன்ஸில் டேங்கை நிரப்பி, ஃபீல்ட்ஸில் இருக்கும் ஒரே கடையில் மறுபடி நிரப்புங்கள். அது ராத்திரி திறந்திருக்காது.

ஜல்லி ஆரம்பித்ததும் டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 27-28க்கு இறக்கி, 35 மைல் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். முழுக் காற்றும் வேகமும் சேர்ந்தால்தான் கூர்க்கல் டயரைக் கிழிக்கும். இன்றைக்கே டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். அநேகமாக ஒல்லியான தற்காலிக டயர்தான் இருக்கும். அதை வைத்து ஜல்லியில் ஊர் திரும்புவது சிரமம். முழு அளவு ஸ்பேர் ஒன்று, பஞ்சர் பிளக் செட், 12 வோல்ட் கம்ப்ரஸர் மூன்றும் வேண்டும். திரும்பித் தார் ஏறியதும் காற்றை மறுபடி ஏற்ற மறக்க வேண்டாம்.

காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. சைலன்ஸர் சூட்டில் சீட்கிராஸ் (அங்கே பரவிக் கிடக்கும் ஒரு புல்) பற்றிக்கொள்ளும். அந்தப் பக்கத்துக் காட்டுத்தீ பல இப்படி ஆரம்பித்தவைதான்.

களிமண்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா முதல் தடவை போறவங்க மாட்டுறது சேத்துலதான், அதை விரிவா சொல்லிடறேன்.

பிளாயாங்கிறது வத்தின ஏரிப்படுகை. 12 மைல் நீளம், 7 மைல் அகலம், உயரம் சுமார் 4,000 அடி. மேற்கே 9,700 அடிக்கு மேல ஸ்டீன்ஸ் மலை மழையைத் தடுத்துடுது, அதனால வருஷத்துக்கு 7 அங்குலம் போலத்தான் பெய்யும். பெய்ற தண்ணிக்கும் மலையில உருகுற பனிக்கும் வெளியேற வழி கிடையாது, அங்கயே நின்னு காயணும். மண்ணு மாவு மாதிரி வண்டலும் களியும் உப்பும். மேல காஞ்சு அப்பளம் மாதிரி ஒரு தோல் கட்டும், அடியில ஈரம் அப்படியே இருக்கும். தோல் உடைஞ்சா டயர் பட்டன்ல களி அடைச்சு, சக்கரம் வழுவழு உருண்டை ஆயிடும். அப்புறம் ஃபோர் வீல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

செப்டம்பர் கடைசியில பெரும்பாலும் காஞ்சிருக்கும். இருந்தாலும் இறங்குறதுக்கு முன்னாடி வண்டியை ஓரத்துல விட்டுட்டு 100 அடி நடந்து பாருங்க. தரை வெளுத்து, பலகோண வெடிப்பு விட்டு, குதிகாலால ஓங்கி மிதிச்சா தடம் விழாம இருந்தா போகலாம். நிறம் கருத்து மினுமினுப்பா இருந்தாலோ, செருப்புல மண்ணு ஒட்டினாலோ இறங்காதீங்க. ஓரத்துல கிரீஸ்வுட் புதர் பக்கம் ஏற்கெனவே வண்டி நின்ன இடங்கள் இருக்கும், அங்கயே டென்ட் போட்டுக்கலாம். குழந்தையோட வர்றவங்களுக்கு அதுதான் தோது, காத்தும் கொஞ்சம் குறையும்.

மேகம் கட்டினா முதல் தூறலுக்கே சுருட்டிக்கிட்டு கரை ஏறிடுங்க. தரை நனைஞ்சிட்டா நேர்மாறு: வண்டியை அசைக்கவே கூடாது, காயுற வரைக்கும் உட்கார வேண்டியதுதான். தண்ணிக்கணக்குல ரெண்டு நாள் உபரி சேர்க்கிறது இதுக்காகத்தான். ஆளுக்கு நாளைக்கு 1 கேலன், 3 பேர், 4 நாளோட உபரி 2 நாள், ஆக 18. கை கால், பாத்திரம் கழுவ 4. மொத்தம் 22 கேலன், எடை 83 கிலோ. கூரை மேல ஏத்தாம, பின்சீட்டுக்கு ஒட்டி கீழ வைங்க. 5 கேலன் கெட்டி கேன் நாலு, மீதி பாட்டில்ல. சூப்பர் மார்க்கெட்ல விக்கிற மெல்லிசு 1 கேலன் டப்பாக்கள் ஜல்லி அதிர்வுல அடி ஓட்டையாகி ஒழுகிடும். ஊத்துத் தண்ணியை வடிகட்டிக் குடிச்சுக்கலாம்னு கணக்குப் போடாதீங்க. ஃபில்டர் கிருமியைத்தான் எடுக்கும், உப்பையும் ஆர்சனிக்கையும் எடுக்காது. வடக்கே மிக்கி வெந்நீர் ஊத்துக்குப் போனா பையன் கையை விடாதீங்க. அது குளிக்கிற சூடு இல்லை, வெந்து போற சூடு.

ஆணிமுடிச்சு:
6 பேர் டென்ட் என்றால் நின்றுகொண்டே உடை மாற்றும் உயரத்தில் நேர்ச் சுவர் வைத்ததா? அதை வீட்டில் விட்டுவிடுங்கள். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும் காற்றில் அதன் ஃபைபர் கம்பிகள் ஒடியும். தாழ்வான டோம் (குவிந்த கூரை) டென்ட், அலுமினியக் கம்பி, எல்லாப் பக்கமும் இழுப்புக் கயிறு வேண்டும்.

டென்ட்டோடு வரும் மெல்லிய ஆணி காய்ந்த பிளாயாவில் இறங்காது, வளையும். 3/8 அங்குலக் கனம், 12 அங்குல நீள லேக் ஸ்க்ரூ (கனத்த திருகாணி) 8, ஒவ்வொன்றுக்கும் பெரிய வாஷரும் ஒரு சங்கிலிக் கண்ணியும், 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர் (பேட்டரியில் ஓடும் திருகு முடுக்கி). கண்ணியைக் கோத்து முடுக்கிவிட்டுக் கயிற்றை அதில் கட்டுங்கள். கிளம்பும்போது திருப்பிச் சுழற்றினால் வந்துவிடும். எண்ணி எடுங்கள்; மண்ணில் விட்ட ஒன்று அடுத்தவர் டயரில் ஏறும். ஓரத்து மணலில் இதே ஸ்க்ரூ பிடிக்காது. அங்கே மணல் நிரப்பிய பையைக் கயிற்றில் கட்டிப் புதைக்க வேண்டும்.

டென்ட் மேல் ராத்திரி முழுக்க எரியும் ஒரு சோலார் விளக்கு தொங்கட்டும். பிளாயாவில் சாலையே கிடையாது, இருட்டில் எந்தத் திசையிலிருந்தும் வண்டி வரும்.

குக்கர்விசில்:
சமையலுக்கு வர்றேன். 4,000 அடியில தண்ணி 96 டிகிரியிலயே கொதிச்சிடும். திறந்த பாத்திரத்துல துவரம்பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகும், கேஸ்தான் தீரும். 3 லிட்டர் குக்கர் எடுத்துக்கோங்க, வழக்கத்தை விட ஒண்ணு ரெண்டு விசில் கூட விடுங்க. பருப்பை ஊற வைக்கிற தண்ணியிலயே வேக வச்சா தண்ணியும் மிச்சம். இட்லி மாவு கொண்டு போனா டப்பால பாதிக்கு மேல ஊத்தாதீங்க. கூலர்லயும் மெல்லப் புளிக்கும், உயரம் ஏற ஏற மூடி தானா தூக்கும். சிப்ஸ் பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி உப்பி நிக்கும், பையன் ரசிப்பான்.

ஏசியன் கடையில விக்கிற பியூட்டேன் டின் அடுப்பை மட்டும் நம்பாதீங்க. பியூட்டேன் 0 டிகிரிக்குக் கிட்டயே ஆவியாகுறதை நிறுத்திடும். அந்த மாசம் விடிகாலை அவ்வளவு குளிரலாம், காபிக்குப் பத்த வச்சா சுடர் செத்துடும். பச்சை 1 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர்ல ஓடுற அடுப்பு எடுங்க, புரொப்பேன் மைனஸ் 40 கிட்ட வரைக்கும் ஆவியாகும். காத்து வர்ற பக்கம் தகரத் தடுப்பு அவசியம்.

கழிப்பிடம்: பிளாயாவுல குழி தோண்டக் கூடாது. தண்ணி உள்ள இறங்காத மண்ணு, அடுத்த மழையில அத்தனையும் மேல மிதக்கும். மூடி போட்ட 5 கேலன் வாளி, அதுல மாட்டுற சீட், ஜெல் பவுடர் போட்ட வேக் பேக் (மலத்தைக் கட்டி எடுத்துட்டு வர்ற பை) 12. நம்ம ஆளுங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு: தண்ணி விட்டுக் கழுவுறது. அந்தப் பவுடர் அளவோடதான் உறிஞ்சும், சொம்பு சொம்பா ஊத்தினா பை நிரம்பி ஒழுகிடும். வாய் சின்ன ஸ்குவீஸ் பாட்டில்ல 250 மில்லி, கூடவே பூனை மணல் (வீட்டுப் பூனையோட கழிவுக்குப் போடுற மணல்) ஒரு கை போடுங்க. பையை ரெண்டு அடுக்காக் கட்டி, பர்ன்ஸ் திரும்பினதும் சாதாரணக் குப்பைத் தொட்டியில போடலாம்.

போர்ட்லண்ட்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஸ்பேர் பார்த்தேன், ஒல்லி டயர்தான். ஓரத்துலயே தங்கிக்கிறோம். ராத்திரி சின்னதா நெருப்பு போடலாமா?

ஜல்லிச்சாலை:
போகும் வாரம் பர்ன்ஸ் பி.எல்.எம். அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கோடைத் தீத்தடை சில வருஷம் அக்டோபர் வரை நீளும். அப்போதும் வால்வு வைத்து அணைக்கிற கேஸ் அடுப்புக்குப் பொதுவாகத் தடை இருக்காது. அனுமதி இருந்தால் தகரத் தட்டுக்குள் மட்டும் போடுங்கள், சாம்பலைத் தண்ணீர் ஊற்றி அணைத்து வாரி எடுத்து வாருங்கள். விறகு அங்கே கிடைக்காது. மரப் பேலட் (சரக்கு அடுக்கும் பலகைச் சட்டம்) கொண்டுபோகாதீர்கள், அதன் ஆணிகள் சாம்பலோடு மண்ணில் கிடந்து டயரைக் குத்தும்.